13 நாட்கள் விலகியிருந்த கணுவும் திரும்பி வந்த நீக்கங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பயனர்களுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் அனுப்பும் ஒரு சேவையின் தரவுத்தளத்தில் இது நடந்தது. யாருடைய எந்த எண்ணுக்கு எந்த வகைச் செய்தி போகலாம் என்ற விருப்பப் பதிவுகள் அதில் இருந்தன. பயனர் ஓர் எண்ணை நீக்கிவிட்டால் அதன்பின் அந்த எண்ணுக்கு எதுவும் போகக் கூடாது. சேவையின் மீதான நம்பிக்கை பெரும்பாலும் இந்த ஒரு வாக்குறுதியைப் பற்றியே நின்றது.

தரவுத்தளம் அப்பாச்சி கசாண்ட்ரா, 3.11 பதிப்பு; தரவைப் பல சேவையகங்களில் பகிர்ந்து வைக்கும் மென்பொருள் அது. அந்தச் சேவையகம் ஒவ்வொன்றும் ஒரு கணு; மொத்தம் 6 கணுக்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 3 நகல்கள். ஆகவே எந்த ஒரு கணுவை எடுத்துக்கொண்டாலும், மொத்தப் பதிவுகளில் ஏறக்குறைய பாதிக்கு அதனிடம் நகல் இருக்கும். எழுதும்போது 3 நகல்களில் 2 ஒப்புக்கொண்டால் போதும் என்ற குவோரம் முறையைப் பின்பற்றினோம். பயனர் தன் விவரங்களைப் பார்க்கும் பக்கமும் குவோரம் முறையிலேயே படித்தது. செய்தி அனுப்பும் நிரல் மட்டும் வேகம் கருதி ஒரே ஒரு நகலின் பதிலை ஏற்றுக்கொண்டது. அந்த விதிவிலக்கை முடிவு செய்தவர்கள் யாரும் இப்போது குழுவில் இல்லை; அதற்கான காரணமும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கசாண்ட்ராவில் தலைமைக் கணு என்று ஒன்று கிடையாது. கணுக்கள் ஒன்றையொன்று மூன்று வழிகளில் ஒத்திசைத்துக்கொள்கின்றன. ஒரு கணு பதில் தராதபோது, அதற்குச் சேர வேண்டிய எழுத்தை வேறொரு கணு ‘ஹிண்ட்’ என்ற பெயரில் ஒதுக்கி வைத்திருந்து பின்னர் கொடுக்கும். இயல்பமைப்பில் இந்த ஒதுக்கல் கணு விழுந்த முதல் 3 மணி நேரத்துக்கு மட்டுமே நடக்கும். படிக்கும்போது நகல்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தால், அந்த இடத்திலேயே பழையது திருத்தப்படும். இவை இரண்டிலும் தப்பியவற்றை ‘ரிப்பேர்’ என்ற பணி பிடிக்கும். கணினி அறிவியலாளர் ரால்ஃப் மெர்க்கில் 1979இல் முன்வைத்த ஹாஷ் மரத்தை (தரவின் சுருக்கக் குறியீடுகளை அடுக்கடுக்காகத் தொகுக்கும் அமைப்பு) கொண்டு கணுக்கள் தங்கள் பங்குகளை ஒப்பிட்டு, வேறுபடும் பகுதிகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும். மூன்று வழிகளுக்கும் விதி ஒன்றுதான்: எதன் நேரமுத்திரை, அதாவது எழுதப்பட்ட நேரத்தின் குறிப்பு, பிந்தியதோ அது வெல்லும்.

நீக்கமும் இந்த விதிக்குள்தான் அடங்கும். ஒரு பதிவை நீக்கும்போது கசாண்ட்ரா அதை உடனே அழிப்பதில்லை; ‘டூம்ஸ்டோன்’ எனப்படும் நீக்கக் குறி ஒன்றை நேரமுத்திரையோடு எழுதி வைக்கிறது. அந்தக் குறியை என்றென்றும் வைத்திருந்தால் வட்டு நிறையும், படிப்பதும் மந்தமாகும். எனவே ‘ஜிசி கிரேஸ்’ என்ற அவகாசம் கடந்ததும், வட்டுக் கோப்புகளை ஒன்றுசேர்த்துச் சுருக்கும் காம்பாக்‌ஷன் நடக்கையில் குறியும் தூக்கி எறியப்படலாம். இயல்பமைப்பில் அந்த அவகாசம் 8,64,000 விநாடிகள், அதாவது 10 நாட்கள். அந்த 10 நாட்களுக்குள் எல்லா நகல்களுக்கும் குறி போய்ச் சேர்ந்திருக்கும் என்பது வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு தரவுத்தளத்தை இயக்குபவர்களுடையது. நாங்கள் தவறியது இங்கேதான். மென்பொருளின் மீது பழி ஏதுமில்லை.

கணு விழுந்த முதல் 13 நாட்கள்

ஒரு நாள் அதிகாலையில் நான்காம் கணு நின்றுபோனது. தாய்ப்பலகை பழுது, வட்டுகள் நலமாக இருந்தன. மாற்றுப் பலகை வரத் தாமதமானது. மூன்றில் இரண்டு நகல்கள் உயிரோடு இருந்ததால் எழுதுவதிலோ படிப்பதிலோ எந்தத் தடையும் இல்லை. பயனர் எவரும் எதையும் உணரவில்லை. ஒரு கணு விழுந்தாலும் சேவை நிற்காது என்பதற்காகவே இந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அது சொன்னபடி நடந்துகொண்டதும், அவசரம் என்ற உணர்வே குழுவிலிருந்து போய்விட்டது. அன்றாடக் கூட்டக் குறிப்புகளில் முதல் மூன்று நாட்கள் ‘கணு 4 பழுது’ என்ற வரி இருக்கிறது. அதன்பின் அந்த வரியும் இல்லை.

இதற்கிடையில் வாராந்திர ரிப்பேர் இரண்டு முறை தொடங்கித் தோற்றது. ஒரு பகுதியின் நகல்களில் ஏதேனும் ஒரு கணு உயிரோடு இல்லையென்றால், அந்தப் பகுதிக்கான ரிப்பேர் நடக்காது. தோல்வி பதிவுக் கோப்பில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பணியை இயக்கிய ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி, ‘முடிந்தது’ என்று கோப்பில் எழுதும் வரி. ஸ்கிரிப்ட் எந்த நிலையில் முடிந்தது என்பதைக் கடைசிக் கட்டளையே தீர்மானிக்கும். கோப்பில் ஒரு சொல்லை எழுதும் கட்டளை தோற்பதில்லை. ஆகவே கண்காணிப்புத் திரையில் ரிப்பேருக்கு நேராக எப்போதும்போல் பச்சை விளக்கே எரிந்தது.

13ஆம் நாள் இரவு பலகை மாற்றப்பட்டு நான்காம் கணு இயக்கப்பட்டது. பழைய வட்டுகளோடு அது எழுந்து, மற்ற கணுக்களோடு பேசி, சில நிமிடங்களில் இயல்பு நிலை காட்டியது. இரவுப் பணியில் இருந்த பொறியாளர் நடைமுறைக் கையேட்டில் இருந்தபடி முழு ரிப்பேரைத் தொடங்கினார். கையேடு அப்படித்தான் சொன்னது: ‘கணு திரும்பியதும் ரிப்பேர் ஓட்டுக.’ எத்தனை நாட்களுக்குள் திரும்பினால் என்பது அதில் இல்லை.

மறுநாள் காலையில் கண்டவை

காலை ஏழு மணியளவில் முதல் புகார் வந்தது. தன் பழைய எண்ணை இரண்டு வாரத்துக்கு முன்பே நீக்கிவிட்டதாகவும், அந்த எண் இப்போது வேறொருவரிடம் இருப்பதாகவும், அவருக்கு நள்ளிரவில் தன் பெயரிட்ட எச்சரிக்கை போயிருப்பதாகவும் ஒரு பயனர் எழுதியிருந்தார். உதவிப் பிரிவினர் அவருடைய பக்கத்தைத் திறந்தபோது அந்த எண் அங்கே இல்லை. பயனர் ஏதோ குழம்பியிருக்கிறார் என்று பதில் எழுதத் தொடங்கிய நிலையில், ஒருவர் தற்செயலாகப் பக்கத்தைப் புதுப்பித்தார். எண் இருந்தது. அதன்பின் எத்தனை முறை புதுப்பித்தாலும் அது போகவில்லை.

இந்தச் சிறு நிகழ்வில் முழு விஷயமும் அடங்கியிருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது. குவோரம் படிப்புக்கு மூன்று நகல்களில் எந்த இரண்டும் பதில் தரலாம்; மூன்று இணைகள் சாத்தியம். அவற்றில் இரண்டில் நான்காம் கணு இருக்கும். முதல் முறை அது இல்லாத இணை பதில் தந்தது, எண் இல்லை. அடுத்த முறை அது இருந்த இணை பதில் தந்தது. பழைய எண் வெளிவந்ததோடு, ‘உன்னிடம் இது விடுபட்டிருக்கிறது’ என்று கூட இருந்த கணுவிலும் எழுதப்பட்டது. சரிபார்ப்பதற்காகப் பக்கத்தைத் திறந்துபார்த்ததே பிழையைப் பரப்பியது.

யாராவது எண்ணை மீண்டும் சேர்த்தார்களா என்பது எங்கள் முதல் ஐயம். ஒரு கலத்தின் மதிப்பு எப்போது எழுதப்பட்டது என்பதைக் கசாண்ட்ராவிடமே கேட்கலாம். மைக்ரோவிநாடித் துல்லியத்தில் அது சொல்லும். கேட்டோம். திரும்பி வந்த எண்ணின் எழுத்து நேரம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. நேற்றிரவு எவரும் எதையும் எழுதவில்லை. செயலியின் தணிக்கைப் பதிவில் நீக்கக் கோரிக்கையும் இருந்தது, அது வெற்றி என்ற பதிலும் இருந்தது. அந்த நாள் நான்காம் கணு விழுந்ததற்கு மறுநாள்.

பிறகு வட்டுக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தோம். ஐந்தாம் கணுவிலும் ஆறாம் கணுவிலும் அந்தப் பதிவுக்கு ஒரு நீக்கக் குறி இருந்திருக்க வேண்டும். 10 நாள் அவகாசம் கடந்துவிட்டதால் காம்பாக்‌ஷன் அதை நீக்கியிருந்தது. நான்காம் கணுவுக்கு அந்தக் குறி எப்போதுமே போய்ச் சேரவில்லை. அதன் வட்டில் எண் உயிரோடு இருந்தது. ரிப்பேர் இப்போது இரு பக்கத்தையும் ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் நேரமுத்திரையோடு ஒரு மதிப்பு, மறுபக்கம் வெறுமை. வெறுமைக்கு நேரமுத்திரை கிடையாது. எவ்வளவு பழைய மதிப்பானாலும் அதன் முன் வெறுமை தோற்கும்.

தொடக்கத்தில் ஒரு தவறான ஆறுதலும் எங்களுக்கு இருந்தது. முதல் 3 மணி நேரத்து நீக்கங்கள் ஹிண்ட்களில் இருக்குமே, அவையாவது தப்பியிருக்குமே என்று எண்ணினோம். 10 நாள் ஜிசி கிரேஸ் அவகாசம் கடந்த ஹிண்ட்கள் செயல்படுத்தப்படாமல் கைவிடப்படும் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஆகவே ஆபத்தில் இருந்தவை, கணு விழுந்த கணத்திலிருந்து முதல் 3 நாட்களில் நடந்த நீக்கங்கள் அனைத்தும். அதற்குப் பிந்தையவற்றின் குறிகள் மற்ற கணுக்களில் இன்னும் செல்லுபடியாக இருந்தன. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணி நேரம் கழியும்போதும் இன்னொரு மணி நேரத்து நீக்கங்கள் அந்த ஆபத்துக்குள் வந்துகொண்டிருந்தன.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

ரிப்பேர் அப்போது பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அதை நிறுத்துவதா, முடிய விடுவதா என்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு. “ரிப்பேர் முடியட்டுங்க, முடிஞ்சா எல்லா நோடும் ஒண்ணாயிடும்” என்றார் இரவு முழுக்க விழித்திருந்த பொறியாளர். “ஒண்ணாத்தான் ஆகும். எதுல ஒண்ணாகும்னு பாருங்க” என்று மூத்தவர் ஒருவர் சொன்னதும் விவாதம் முடிந்தது. ஒத்திசைவு என்பது நகல்கள் ஒன்றுபோல் இருப்பதை மட்டுமே உறுதிசெய்யும். அவை உண்மையோடு ஒத்திருக்கின்றனவா என்பது அதன் கவலை இல்லை.

ரிப்பேரை நிறுத்தியதோடு நான்காம் கணுவையும் உடனே வெளியே எடுத்தோம். அதை இணைப்பில் விட்டு வைத்தால், ஒவ்வொரு சாதாரணப் படிப்பும் ஒரு பழைய பதிவை மற்ற கணுக்களில் எழுதக்கூடும்.

அதே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் பணியையும் இடைநிறுத்தினோம். வணிகப் பொறுப்பாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. தாமதமாகப் போகும் செய்தியைப் பின்னர் அனுப்பிக்கொள்ளலாம், தவறான ஆளுக்குப் போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது என்பது எங்கள் வாதம். நிறுத்தம் அன்று மாலை வரை நீடித்தது.

நான்காம் கணுவின் வட்டை உடனே துடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அதை மறுத்தோம். எந்தெந்தப் பதிவுகள் திரும்பியிருக்கக் கூடும் என்பதற்கு அந்த வட்டுதான் ஒரே முழுமையான சான்று. முதலில் அதை அப்படியே நகலெடுத்துத் தனியே வைத்தோம். என் கருத்தில், அன்று எடுத்த முடிவுகளில் இதுவே அதிகம் பயன்பட்டது.

நீக்கங்களை மீண்டும் எழுதிய முறை

தணிக்கைப் பதிவு 30 நாட்களுக்குச் சேமிக்கப்படுவது எங்கள் நல்வாய்ப்பு. முதல் 3 நாட்களின் நீக்கக் கோரிக்கைகள் 1,840. அவற்றில் நான்காம் கணுவுக்கு நகல் உரிமை இருந்தவை 911. இந்த 911 நீக்கங்களையும் மீண்டும் ஒருமுறை செலுத்தினால் போதும் என்பது முதலில் தோன்றிய வழி. ஆனால் இடைப்பட்ட நாட்களில் அதே எண்ணை மீண்டும் சேர்த்துக்கொண்ட பயனர்களும் இருந்தார்கள். இன்றைய நேரமுத்திரையோடு நீக்கினால் அவர்கள் அண்மையில் முறையாகச் சேர்த்ததும் அழிந்துபோகும்.

கசாண்ட்ராவில் எழுதும்போதும் நீக்கும்போதும் நேரமுத்திரையை நாமே குறிப்பிடலாம். ஆகவே ஒவ்வொரு நீக்கத்தையும், பயனர் அதைக் கோரிய அசல் நேரத்தின் முத்திரையோடு செலுத்தினோம். அப்படிச் செய்யும்போது குறி தனக்கு முந்தையதை மட்டும் மறைக்கும். பின்னர் சேர்க்கப்பட்டதைத் தொடாது. குறியின் முத்திரை பழையதாக இருந்தாலும், 10 நாள் அவகாசம் அது உண்மையில் எழுதப்பட்ட கணத்திலிருந்தே எண்ணப்படும் என்பதால், எழுதிய உடனே காலாவதி ஆகிவிடும் என்ற அச்சமும் இல்லை. இதைச் சோதனைக் கணுக்களில் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகே உண்மைத் தரவில் செலுத்தினோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. தணிக்கைப் பதிவில் உள்ள நேரம், பதில் கிடைத்த பிறகு எழுதப்பட்டது. உண்மையான நீக்க முத்திரையைவிடச் சில பத்து மில்லிவிநாடிகள் பிந்தியது. ஒருவர் நீக்கிய அதே மூச்சில் மீண்டும் சேர்த்திருந்தால், அந்தச் சிறு இடைவெளியில் அவருடைய புதிய பதிவு மறைந்துபோகலாம். நீக்கத்துக்கும் மறுசேர்ப்புக்கும் இடையே 5 விநாடிக்குக் குறைவாக இருந்தவற்றைத் தனியே பிரித்தோம். அவை 14. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தோம்.

வரிசையும் முக்கியமாக இருந்தது. நான்காம் கணு வெளியே இருக்கும்போதே நீக்கங்களைச் செலுத்தினோம். அந்நிலையில் குவோரம் என்றால், எஞ்சியிருக்கும் இரண்டு நகல்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆகவே ஒரு நகலில் மட்டும் விடுபடும் வாய்ப்பே இல்லை. அதன்பிறகுதான் நான்காம் கணுவைத் துடைத்து, இறந்த கணுவுக்கு மாற்றாக வரும் வெற்றுக் கணுவாகச் சேர்த்தோம். மற்றவற்றிலிருந்து தரவை முழுதாகப் பெற்றுக்கொள்ள அது 11 மணி நேரம் எடுத்தது. பின்னர் ரிப்பேரை ஓட்டினோம். இம்முறை அது தோற்றதா வென்றதா என்று பதிவுக் கோப்பையே திறந்து பார்த்தோம்.

விளைவு

தனியே வைத்திருந்த வட்டு நகலோடு ஒப்பிட்டபோது, 911இல் 377 பதிவுகள் வேறு கணுக்களுக்கும் பரவியிருந்தது தெரிந்தது. எஞ்சியவற்றில் பல, ரிப்பேர் இன்னும் தொடாத பகுதிகளில் இருந்தன. சிலவற்றில் காலாவதியான குறி காம்பாக்‌ஷனுக்கு அகப்படாமல் வட்டில் கிடந்து, வந்து சேர்ந்த பழைய மதிப்பை மறைத்துக்கொண்டிருந்தது. அது வெறும் அதிர்ஷ்டம். கணு திரும்பியதிலிருந்து அனுப்புவதை நிறுத்தும் வரையான ஒன்பது மணி நேரத்தில் நீக்கப்பட்ட எண்களுக்குப் போன செய்திகள் 62. உரிய பயனர்கள் அனைவருக்கும் நடந்ததை எழுதி அறிவித்தோம். அந்தச் செய்திகளைப் பெற்ற அந்நியர்களுக்கு எதுவும் எழுதவில்லை. வேண்டாம் என்று நீக்கப்பட்ட எண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு செய்தி அனுப்புவது பொருத்தமாகப் படவில்லை.

மாற்றியவை

7 நாட்களுக்கு மேல் விலகியிருந்த கணு இறந்த கணுவாகவே கருதப்படும். வட்டு எவ்வளவு நலமாக இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இதை மனித நினைவுக்கு விடாமல் இயக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே வைத்தோம்: கணு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பில் நேரத்தைக் குறித்துவைக்கும், அது 7 நாட்களுக்கு முந்தையது என்றால் அடுத்த முறை இயங்க மறுக்கும். கசாண்ட்ரா 4.1 முதல் இதைப் போன்ற ஒரு சோதனை உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது தானாக இயங்குவதில்லை, நாம்தான் இயக்கிவைக்க வேண்டும்.

ரிப்பேரைப் பொறுத்தவரை, பணி ஓடியதா என்று கேட்பதை விட்டோம். ஒவ்வொரு அட்டவணைக்கும் கடைசியாக எப்போது முழுமையாக வெற்றி பெற்றது என்பதைக் கண்காணிக்கிறோம்; அது 7 நாட்களைத் தாண்டினால் அழைப்பு வரும். அந்த நேரத்தில் ஒரு கணு விழுந்திருந்தால், 10ஆம் நாள் வருவதற்குள் அவகாசத்தை நீட்டிக்கொள்ளலாம். குறிகளை நீக்கலாமா என்பதைக் காம்பாக்‌ஷன் அப்போதுள்ள அமைப்பைப் பார்த்தே முடிவு செய்கிறது என்பதால், முன்கூட்டியே நீட்டினால் குறிகள் தப்பும். எங்கள் நிகழ்வில் இந்த ஒரு கட்டளை 9ஆம் நாளில் போயிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

அவகாசத்தை நிரந்தரமாக 30 நாட்களாக்கலாம் என்ற யோசனையைக் கைவிட்டோம். குறிகள் குவிந்தால் ஒவ்வொரு படிப்பும் அவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டும். இயல்பமைப்பில் ஒரு வினவல் 1,000 குறிகளைத் தாண்டினால் எச்சரிக்கையும், 1,00,000ஐத் தாண்டினால் தோல்வியுமாக முடியும்.

பெரிய மாற்றம் தரவின் வடிவத்தில் நடந்தது. எண்ணை விலக்கிக்கொள்வதை இப்போது நீக்கமாக எழுதுவதில்லை. எண்ணின் இடத்தில் வெற்று மதிப்பையும், ‘விலக்கப்பட்டது’ என்ற நிலையையும் எழுதுகிறோம். எண் மறைகிறது, அது விலக்கப்பட்டது என்ற செய்தி, காலாவதி ஆகாத ஒரு மதிப்பாக, நேரமுத்திரையோடு நிற்கிறது. எந்தக் கணு எத்தனை நாள் கழித்துப் பழைய வட்டோடு வந்தாலும் அந்த மதிப்பின் முன் தோற்கும். செய்தி அனுப்பும் நிரலும் குவோரம் முறையில் படிக்கத் தொடங்கியது. அதனால் ஏற்பட்ட தாமதத்தை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் தெரிந்தது

தணிக்கைப் பதிவையும் தரவுத்தளத்தையும் இரவுதோறும் ஒப்பிடும் ஒரு சிறு பணியையும் அமைத்திருந்தோம். மூன்றாம் வாரத்தில் அது ஒரு பொருத்தமின்மையைக் காட்டியது: விலக்கப்பட்டதாகப் பதிவில் இருந்த ஓர் எண் தரவுத்தளத்தில் அப்படியே இருந்தது. எல்லாக் கணுக்களும் நலம், ரிப்பேரும் வென்றிருந்தது.

காரணம் செயலிச் சேவையகம் ஒன்றின் கடிகாரம். எங்கள் அமைப்பில் நேரமுத்திரையை இடுவது செயலியின் பக்கம். அந்தச் சேவையகத்தில் நேர ஒத்திசைவுச் சேவை முந்தைய நாள் நின்றுபோயிருந்தது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட ஒரு நாளில் 1.7 விநாடி விலகிவிடும். அது அவ்வளவு பின்தங்கியிருந்தது. பயனர் எண்ணைத் தவறாகச் சேர்த்து, ஒரு விநாடி கழித்து விலக்கியிருக்கிறார். சேர்த்த கோரிக்கை சரியான கடிகாரத்துக்கும், விலக்கிய கோரிக்கை பின்தங்கிய கடிகாரத்துக்கும் போனது. விலக்கல், சேர்த்ததற்கு முந்தைய முத்திரையோடு எழுதப்பட்டு, அந்தக் கணமே தோற்றது. பயனருக்கு ‘வெற்றி’ என்ற பதிலும் போனது. வெவ்வேறு கணினிகளில் நடப்பவற்றின் முன்பின் வரிசையைக் கைக்கடிகார நேரம் இல்லாமலே நிர்ணயிக்கும் வழியைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே எழுதிவிட்டார். நாங்களோ ஒவ்வொரு சேவையகமும் தன் கடிகாரத்தில் பார்த்துச் சொன்ன நேரத்தை நம்பியிருந்தோம்.

நேரச் சேவை இப்போது கண்காணிப்பில் இருக்கிறது. விலகல் 100 மில்லிவிநாடியைத் தாண்டும் சேவையகத்துக்குக் கோரிக்கைகள் போவது தானாக நிற்கும். ஒரே பயனரின் அடுத்தடுத்த மாற்றங்களில் பிந்தையதற்கு எப்போதும் பெரிய முத்திரை கிடைக்கும்படி, முந்தைய முத்திரையைப் படித்து அதைவிடக் கூடுதலாக இடும் வேலையைத் தொடங்கியுள்ளோம். விருப்பப் பதிவு அட்டவணையில் அது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு அட்டவணைகள் பழைய முறையிலேயே ஓடுகின்றன. அவற்றில் நீக்கம் இன்றும் நீக்கமாகவே எழுதப்படுகிறது.